கிணற்று மோட்டரைத் தொலைவிலிருந்து போட்டு நிறுத்துவது: வன்னித் தோட்டங்களுக்கேற்ற மலிவான முறை

தோட்டம் ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ, குடியிருப்பு வவுனியாவிலோ கிளிநொச்சி நகரிலோ என்று வாழ்கிறவர்கள் இன்று பலர். மிளகாய்க்கும் கச்சானுக்கும் இறைக்க வேண்டிய நாளில், ஒரு சுவிட்சைப் போடவும் பிறகு நிறுத்தவும் இரண்டு தடவை போய்வர வேண்டியிருக்கிறது. விடிய முன்னர் இறைக்கப் போனால் யானைப் பயம், இருளில் வரம்பில் பாம்புப் பயம். மின்சார இணைப்பும் கைத்தொலைபேசிச் சிக்னலும் உள்ள தோட்டமாக இருந்தால், ஒரு மிஸ்ட் கோலில் மோட்டரைப் போடும் அமைப்பைக் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம். பனி நாடுகளில் சிறு விமானம் வைத்திருப்பவர்கள், பறப்பதற்குச் சில மணி நேரம் முன்னதாகவே இஞ்சின் ஹீட்டரை வீட்டிலிருந்து போடுவதற்கும் இதே வகைச் சிம் சுவிட்சைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மோட்டரைப் போடுவது இதில் மிகச் சுலபமான பகுதி. போட்ட பிறகு தண்ணீர் வருகிறதா என்று அறிவதும், ஏதாவது பிழைத்தால் ஆளில்லாத இடத்தில் மோட்டர் தானாக நிற்பதும்தான் உண்மையான வேலை. ஆகவே முதலில் நிற்கும் வழிகளை அமைத்து, அதன் மேல் போடும் வழியைப் பொருத்துங்கள். இங்கே சொல்வது 2 குதிரைவலு வரையான ஒற்றைக் கட்ட, 230 வோல்ட் மோட்டருக்கு. மூன்று கட்ட மோட்டருக்கு அடிப்படை ஒன்றுதான், ஆனால் பாகங்களும் இணைப்பும் வேறு.

மண்ணெண்ணெய், பெற்றோல் மெசின்களைத் தொலைவிலிருந்து நிறுத்தலாம். மலிவாக ஸ்டார்ட் பண்ண வழியில்லை. அதில் காசு செலவழிக்காதீர்கள்.

முதலில் அளக்க வேண்டியவை

கடைக்குப் போக முன்னர் நான்கு விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்.

மோட்டரின் தகட்டில் எழுதியுள்ள அம்பியர். 1 குதிரைவலு மோட்டர் ஏறத்தாழ 5 முதல் 6 அம்பியரும், 2 குதிரைவலு மோட்டர் 10 முதல் 11 அம்பியரும் எடுக்கும். கிளம்பும் கணத்தில் இது 5 முதல் 7 மடங்காகும். 10 அம்பியர் என்று அச்சிட்ட நீல நிறச் சிறு ரிலேயில் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு நிறுத்தும் மின்சுவிட்ச்) மோட்டரை நேரே கொடுப்பவர்கள் தோற்பது இதனால்தான். சில கிழமைகளில் ரிலேயின் முனைகள் ஒட்டிப் பற்றிவிடும். பிறகு எந்தப் போனாலும் அந்த மோட்டரை நிறுத்த முடியாது.

வயரின் நீளம். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 7.4 ஓம். மெயினிலிருந்து கிணறு 100 மீற்றர் என்றால் போக வர 200 மீற்றர், அதாவது 1.5 ஓம். 10 அம்பியர் ஓடும்போது 15 வோல்ட் இறங்கும்; கிளம்பும்போது 50 அம்பியர் இழுத்தால் 75 வோல்ட் இறங்கும். மாலையில் வோல்டேஜ் ஏற்கெனவே குறைவாக உள்ள இடத்தில் அந்த மோட்டர் உறுமிக்கொண்டு நிற்குமே தவிரச் சுற்றாது. நேரில் நிற்கிறவர் உடனே சுவிட்சைத் தட்டுவார். தொலைவிலிருப்பவருக்குச் சுருள் எரிந்த பிறகுதான் தெரியவரும். 60 மீற்றருக்கு மேல் என்றால் 4, 100 மீற்றரைத் தாண்டினால் 6 சதுர மில்லிமீற்றர் வயர் போடுங்கள்.

கிணறு எவ்வளவு நேரம் தாங்கும். 200 லீற்றர் பரல் ஒன்றை நிரப்ப எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். 40 செக்கனில் நிரம்பினால் நிமிடத்துக்கு 300 லீற்றர். 15 அடி விட்டமுள்ள கிணற்றில் ஓரடித் தண்ணீர் ஏறத்தாழ 5000 லீற்றர். அந்தப் பம்ப் ஓரடியை 17 நிமிடத்தில் இறைத்துவிடும். புட்வால்வுக்கு (உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி வடியாமல் காக்கும் வால்வு) மேல் 5 அடி இருந்தால், ஊற்றைக் கணக்கில் சேர்க்காமல் 80 நிமிடம். சோளகம் வீசும் ஆடி, ஆவணியில் ஊற்று மெலியும். மாரியில் எடுத்த அளவை அப்போது நம்பக்கூடாது. கோடையில் அளந்ததையே வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்னல். எந்தச் சிம் போடப்போகிறீர்களோ, அதே சிம்மைப் போனில் போட்டுப் பம்ப் அறைக்குள், கதவை மூடிக்கொண்டு பாருங்கள். வெளியே நின்று பார்த்துப் பயனில்லை. தகரக் கூரையும் இரும்புப் பெட்டியும் சிக்னலை விழுங்கும்.

மூன்று வழிகள்

வீட்டுக்கருகிலேயே தோட்டம் இருந்து வைஃபை எட்டுமானால், வைஃபை சுவிட்ச் மலிவு. ஆனால் அது இணையத்தை நம்பியிருக்கிறது. தனித் தோட்டத்தில் ரவுட்டரும் மாதாந்த டேட்டாவும் தேவைப்படும். இரண்டாவது, கேற் திறப்பதற்கென்று ஆயத்தமாக விற்கப்படும் சிம் ரிலே. பதிந்த இலக்கத்திலிருந்து அழைத்தால், அழைப்பை ஏற்காமலே ரிலேயை ஒரு கணம் மூடும். அழைப்புக் காசும் போகாது. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு இதுவே போதும். மூன்றாவது, சிம்800எல் மொடியூலும் (சிம் போட்டு அழைப்பும் குறுஞ்செய்தியும் கையாளும் சிறு பலகை) ஆர்டுயினோ நானோவும் (நாம் எழுதும் நிரலை ஓட்டும் சிறு கணினிப் பலகை) வைத்து நாமே செய்வது. தண்ணீர் வந்ததா என்று அது திரும்பிச் சொல்லும் என்பதால், முடிந்தவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள்: சிம்800எல்லும், பழைய கேற் ரிலேகளில் பெரும்பாலானவையும் 2ஜியில் மட்டும் வேலை செய்பவை. உங்கள் இடத்தில் எந்த நிறுவனத்தின் 2ஜி எட்டுகிறது என்று, போனின் நெற்வேர்க் தெரிவை 2ஜி மட்டும் என்று மாற்றிப் பார்த்த பிறகே வாங்குங்கள். எட்டவில்லையென்றால் 4ஜி மொடியூல் வேண்டும், விலை கூட.

வலுப் பக்கம்

எந்த வழியைத் தெரிந்தாலும் இந்தப் பகுதி மாறாது. சிம் பக்கத்தை விடச் செலவு இதற்கு அதிகமாகும். மிச்சம் பிடிக்க நினைத்தால் இங்கே பிடிக்காதீர்கள்.

தேவையானவை: மோட்டருக்குரிய சி வகை எம்சிபி, அதாவது மின்னோட்டம் மிஞ்சினால் தானாக வெட்டும் சுவிட்ச் (1 குதிரைவலுவுக்கு 16, 2 குதிரைவலுவுக்கு 20 அம்பியர்), 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், ஏசி-3 பிரிவில் (மோட்டர்களுக்கான பிரிவு) 18 அல்லது 25 அம்பியர் கொன்டக்டர் (மோட்டரைப் போட்டு நிறுத்தும் பெரிய ரிலே), 230 வோல்ட் கொயிலுடன், மோட்டர் அம்பியருக்கு ஏற்ற ஓவர்லோட் ரிலே (மோட்டர் அளவுக்கு மேல் இழுத்தால் வெட்டுவது), 3 மணி நேரம் வரை வைக்கக்கூடிய டைமர் ரிலே, பச்சைப் போடும் பொத்தான், சிவப்பு நிறுத்தும் பொத்தான், 2 அம்பியர் பியூஸ், நிலத்தில் அடித்த எர்த் கம்பி. வோல்டேஜ் ஆடும் இடமானால், 190க்குக் கீழும் 255க்கு மேலும் வெட்டும் பாதுகாப்பு ரிலே ஒன்றும் சேர்க்கலாம். கிளம்பும்போது ஏற்படும் இறக்கத்துக்கே அது வெட்டிவிடாதபடி சில செக்கன் தாமதம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவர்லோட் ரிலேயில் மூன்று வழிகள் உண்டு. ஒற்றைக் கட்ட மோட்டருக்கு இரண்டை மட்டும் இணைத்தால், மூன்றாவது குளிர்ந்தே இருப்பதைக் கட்டம் போய்விட்டதாக எண்ணிக் காரணமில்லாமல் வெட்டும். உயிர்க்கம்பியை முதல் வழியாலும், நியூட்ரலை இரண்டாவது வழியால் கொண்டுபோய் மறுபடி மூன்றாவது வழியாலும் எடுங்கள். மூன்றிலும் ஒரே மின்னோட்டம் ஓட வேண்டும். பிறகு திருகியைத் தகட்டிலுள்ள அம்பியருக்கு வையுங்கள், அதற்குமேல் வேண்டாம்.

கொன்டக்டரின் கொயிலுக்குப் போகும் கட்டுப்பாட்டு வயர் இந்த ஒழுங்கில் போகும்: உயிர்க்கம்பி, 2 அம்பியர் பியூஸ், சிவப்புப் பொத்தான், சிம் பக்கம் இயக்கும் நிறுத்தும் ரிலேயின் மூடிய முனை (ரிலே இழுக்காதபோது தொட்டிருப்பது), ஓவர்லோடின் 95-96, கிணற்று மிதவையின் ரிலே முனை, டைமரின் மூடிய முனை, பச்சைப் பொத்தான், கொயிலின் ஏ1. ஏ2 நியூட்ரலுக்கு. பச்சைப் பொத்தானுக்குச் சமாந்தரமாக இரண்டு இணைப்புகள்: கொன்டக்டரின் 13-14 துணைமுனை ஒன்று, சிம் பக்கம் இயக்கும் போடும் ரிலேயின் திறந்த முனை (ரிலே இழுத்தால் மட்டும் தொடுவது) மற்றது. டைமரின் கொயில் ஏ1, ஏ2வுக்குச் சமாந்தரம்.

இதன் பலன் என்ன? சிம் பக்கம் பச்சைப் பொத்தானை ஒரு செக்கன் அமர்த்தும் விரல் மட்டுமே. அதன்பின் கொன்டக்டர் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. கரண்ட் போனால் பிடி விடும். கரண்ட் வந்தால் மோட்டர் தானாகக் கிளம்பாது. ஆர்டுயினோ நடுவில் உறைந்துபோனாலும் டைமர் நேரம் முடிய வெட்டும். கிணறு 80 நிமிடம் தாங்கும் என்று அளந்திருந்தால் டைமரை 60இல் வையுங்கள். கட்டைச் சுவிட்ச் போலப் பிடித்துக்கொண்டே இருக்கும் ரிலேயை வைத்து இதைச் செய்தால், கரண்ட் வந்து போகும் ஒவ்வொரு தடவையும் ஆளில்லாமல் மோட்டர் போடுபடும். அப்படிச் செய்ய வேண்டாம்.

கிணற்றுக்குள் மிதவை

கேபிள் மிதவை சுவிட்சைப் புட்வால்வுக்கு ஒன்றரை அடி மேலே வெட்டும்படி கட்டுங்கள். மிதவைக்கு 230 வோல்ட் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் எங்கள் கிணறுகளில் ஆட்கள் குளிக்கிறார்கள். கேபிளின் தோலை எலி கடித்தாலோ கல்லில் உரசினாலோ என்னவாகும் என்று யோசியுங்கள். மிதவைக்கு 12 வோல்ட் மட்டும் கொடுத்து, அது 12 வோல்ட் ரிலே ஒன்றை இழுக்கட்டும். அந்த ரிலேயின் திறந்த முனை மேலே சொன்ன வரிசைக்குள் வரட்டும். வயர் அறுந்தால் ரிலே விழும், மோட்டர் ஓடாது. பிழைத்தால் நிற்கும் பக்கமாகவே எப்போதும் பிழைக்க வேண்டும்.

அகலமான கிணற்றில் மிதவை அலைந்து உறிஞ்சு குழாயில் சுற்றிக்கொள்ளும். நான்கு அங்குலப் பிவிசி குழாய் ஒன்றில் துளைகள் போட்டுச் சுவரோடு நிறுத்தி, மெல்லிய நேர்மிதவை ஒன்றை அதற்குள் விடுவது இன்னும் திறம்.

மிதவை தண்ணீர் இருப்பதைச் சொல்லும். பம்ப் அதை இழுக்கிறதா என்று சொல்லாது. புட்வால்வில் ஒரு சருகு சிக்கினால் இரவோடிரவாக உறிஞ்சு குழாய் வடிந்துவிடும். தண்ணீர் 20 அடிக்குக் கீழே இறங்கிய கிணற்றில் மேலே இருக்கும் பம்ப் இழுக்கத் திணறும். இரண்டிலும் மோட்டர் சுற்றும், தண்ணீர் வராது. பம்பின் சீல் தண்ணீரால்தான் குளிர்கிறது. வறண்டு சுற்றினால் அது வெடித்து ஒழுகத் தொடங்கும்.

இதற்குத்தான் பாய்வுச் சுவிட்ச்: குழாயில் தண்ணீர் ஓடினால் துடுப்பு தள்ளப்பட்டுப் போடுபடும் சுவிட்ச். பம்பிலிருந்து வெளியேறும் 2 அங்குலக் குழாயில், முன்னும் பின்னும் 10 அங்குலமாவது வளைவில்லாத கிடைப் பகுதியில், துடுப்பு கீழே தொங்கும்படி பொருத்துங்கள். அமுக்கச் சுவிட்ச் மலிவுதான். ஆனால் வாய்க்காலுக்குத் திறந்து விடும் இறைப்பில் அமுக்கம் எழும்பாது, ஆகவே அது எதையும் உணராது. தூவல் முறை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அது சரி.

சிம் பக்கம்

சிம்800எல்லுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரை வேண்டும். வலையோடு பேசும் கணத்தில் 2 அம்பியர் வரை இழுக்கும். ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்து கொடுத்தால் விளக்கு மின்னும், சிம்மும் பதிவாவது போலத் தெரியும், அழைப்பு வந்ததும் அணைந்து மறுபடி தொடங்கும். இந்த மொடியூல் கூடாது என்று தூக்கி எறிந்தவர்களில் அநேகரின் பிரச்சினை இதுதான். 12 வோல்ட் 2 அம்பியர் அடப்டர், அதன் பின் எல்எம்2596 இறக்கியை (வோல்டேஜைக் குறைக்கும் சிறு பலகை) 4.0 வோல்ட்டில் வைத்து, மொடியூலின் கால்களோடு ஒட்டி 1000 மைக்ரோ ஃபரட் கப்பாசிற்றர் ஒன்று. இறக்கியை மொடியூலில் இணைக்க முன்னர் மீற்றரால் அளந்து சரிசெய்யுங்கள்.

ஆர்டுயினோ அனுப்பும் வயரில் 5 வோல்ட் இருக்கும்; மொடியூலுக்கு அது அதிகம். 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பிரித்துக் கொடுங்கள்.

அன்ரெனாவைப் பெட்டிக்கு வெளியே எடுத்து உயரக் கட்டுங்கள். சிக்னல் அளவை மொடியூலிடம் சிஎஸ்கியூ (AT+CSQ) கட்டளையால் கேட்டால் 0 முதல் 31 வரை ஒரு எண் வரும். 10க்குக் குறைந்தால் மழை நாளில் ஏமாற்றும். 99 என்றால் அளவே கிடைக்கவில்லை.

சிம்மை உங்கள் பெயரில் பதிந்து, சிம்மின் PIN இலக்கப் பூட்டை எடுத்துவிட்டு, அழைப்பு மாற்றலை நிறுத்திப் போடுங்கள். ரீலோட் பண்ணாமல் விட்டால் செயலிழந்துவிடும்; சரியாக இறைப்பு மும்முரத்தில்தான் அது தெரியவரும்.

நிரல் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் சொல்கிறோம்.

1. அழைப்பு வந்ததும் இலக்கத்தின் கடைசி 9 எண்களை மட்டும் ஒப்பிடுக. 0வில் தொடங்கியும் +94இல் தொடங்கியும் வரக்கூடும் என்பதால் முழு இலக்கத்தை ஒப்பிட்டால் சொந்தக்காரரையே தள்ளிவிடும். பதியாத இலக்கமானால் அழைப்பைத் துண்டிக்க, வேறொன்றும் செய்யாதிருக்க.

2. மோட்டர் ஓடுகிறதா என்பதைக் கொன்டக்டரில் பொருத்திய மேலதிகத் துணைமுனையிலிருந்து அறிக. தன் நினைவில் உள்ளதை நம்பக்கூடாது. டைமர் வெட்டியிருக்கலாம், யாரோ சிவப்பை அமர்த்தியிருக்கலாம். ஓடினால் அழைப்பு நிறுத்துவதற்கு: நிறுத்தும் ரிலேயை ஒரு செக்கன் இழுக்க.

3. ஓடவில்லையென்றால் பாய்வுச் சுவிட்சைப் பார்க்க. மோட்டர் நிற்கும்போதே தண்ணீர் ஓடுவதாக அது காட்டினால் துடுப்பு இறுகிவிட்டது. போடாமல் குறுஞ்செய்தி அனுப்புக.

4. 30 செக்கன் சைரன் ஒலிக்க. பிறகு போடும் ரிலேயை ஒரு செக்கன் இழுக்க.

5. 60 செக்கனுக்குள் பாய்வு தெரிந்தால், அழைத்தவருக்கே ஒரு மிஸ்ட் கோல் திருப்பிக் கொடுக்க. தெரியாவிட்டால் நிறுத்தி, குறுஞ்செய்தி அனுப்பி, ஆள் நேரில் வந்து பொத்தானைத் தொடும்வரை மறுபடி போட மறுக்க. தண்ணீர் வராத மோட்டரை ஐந்தாறு தடவை முயன்று பார்ப்பதில்தான் சீல்கள் போகின்றன.

6. ஓடிக்கொண்டிருக்கையில் 20 செக்கன் பாய்வு இல்லாவிட்டால் நிறுத்துக.

ஆகவே நீங்கள் ஒரு மிஸ்ட் கோல் விடுகிறீர்கள். இரண்டு நிமிடத்துக்குள் கிணறு உங்களுக்கு ஒன்று விடுகிறது. இரு பக்கமும் காசில்லை. உங்கள் அழைப்பே போகவில்லையென்றால், பெரும்பாலும் தோட்டத்தில் கரண்ட் இல்லை. குறுஞ்செய்தியைத் தமிழில் அனுப்ப மொடியூலுக்கு வேறு எழுத்து முறை வேண்டும். 1, 2, 3 என்று இலக்கங்களுக்குப் பொருள் வைத்துக்கொள்வது சுலபம்.

மலிவான ரிலே பலகைகளில் பல, கட்டுப்பாட்டு முனையில் வோல்டேஜ் தாழும்போது இழுப்பவை. ஆர்டுயினோ விழிக்கும் கணத்தில் ரிலே ஒரு தரம் துடித்து மோட்டரைப் போட்டுவிடும். நிரலில் முனையை முதலில் உயர்த்திவிட்டு, அதன் பிறகே அதை வெளியீடாக அறிவியுங்கள்.

கேற் ரிலே வாங்கியவர்கள் அதன் முனையைப் போடும் ரிலே இருக்கும் இடத்தில் இணைத்தால் போதும். நிறுத்துவதை டைமரும் மிதவையும் பார்த்துக்கொள்ளும். அந்த வழியில் பாய்வுச் சுவிட்சின் காவல் கிடைக்காது என்பதால், டைமரை இன்னும் குறைத்து வையுங்கள். வாங்கியவுடன் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பலவற்றில் 1234 என்றே வரும்.

மின்னல், சத்தம், எறும்பு

கொன்டக்டர் விழும்போது அதன் கொயில் எழுப்பும் துடிப்பு மொடியூலை உறைய வைக்கும். ஏ1, ஏ2வுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபரட் எக்ஸ்2 வகைக் கப்பாசிற்றரும் 100 ஓம் ரெசிஸ்டரும் தொடராக இணையுங்கள். 230 வோல்ட் வயர்களையும் 12 வோல்ட் வயர்களையும் ஒரே குழாயில் இழுக்காதீர்கள்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி இறங்கும் மண் இது. அடப்டரின் முன்னால் 14டி471 வரிஸ்டர் (திடீரென எழும் மிகை வோல்டேஜை உறிஞ்சும் பாகம்) ஒன்று போடுங்கள். மெயினில் சர்ஜ் பாதுகாப்பு இருந்தால் நல்லது. வெட்டவெளியில் நீண்ட வயர் போகும் தோட்டத்தில் இவை எல்லாவற்றையும் தாண்டியும் மின்னல் வரும். மாரி தொடங்கி இறைப்புத் தேவை முடிந்ததும் மெயினைக் கழற்றி வைப்பதை விடத் திறமான பாதுகாப்பு இல்லை.

பல்லியும் சிற்றெறும்பும் சூடான பெட்டியைத் தேடி வரும். எறும்பு கொன்டக்டர் முனைகளுக்கிடையே நசிந்தால் தொடுகை விடும், முனை கருகும். வயர் புகும் துளைகளுக்கு இறுக்கமான கிளாண்ட் (வயரை இறுக்கிப் பிடித்துத் துளையை அடைக்கும் மூடி) போட்டு, மிச்சத் துளைகளைச் சிலிக்கனால் அடையுங்கள்.

ஆட்களின் பாதுகாப்பு

கிணற்றடியில் யாரோ குளித்துக்கொண்டிருக்கும்போது, ஒருவர் புட்வால்வ் கழுவக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கும்போது, நீங்கள் நாற்பது மைலுக்கு அப்பாலிருந்து மோட்டரைப் போடுகிறீர்கள். சைரனைத் தவிர்க்கக்கூடாது. பெட்டியின் வெளியே கைமுறை, தொலைமுறை என்று மாற்றும் திறப்புச் சுவிட்ச் ஒன்று வையுங்கள். கைமுறையில் போடும் ரிலேயின் வயர் முற்றாகத் துண்டுபட வேண்டும். கிணற்றுக்குள் இறங்குபவர் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு இறங்கட்டும். 'இந்த மோட்டர் தானாக இயங்கும்' என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதத்துக்கொரு தடவை அமர்த்திப் பாருங்கள். வலுப் பக்க இணைப்பைத் தேர்ந்த மின் வேலைக்காரரைக் கொண்டு செய்வியுங்கள். வயரின் நிறத்தை நம்பாமல் டெஸ்டரால் பார்க்கச் சொல்லுங்கள்.

சோதித்துப் பார்த்தல்

மோட்டருக்குப் பதில் ஒரு குண்டு பல்பைக் கொன்டக்டரில் கொடுத்து, வீட்டு மேசையிலேயே எல்லாப் பிழைகளையும் உண்டாக்கிப் பாருங்கள். ஓடும்போது மெயினை வெட்டிப் போடுங்கள்: பல்ப் எரியக்கூடாது. மிதவை வயரைக் கழற்றுங்கள்: அணைய வேண்டும். பாய்வுச் சுவிட்சைத் தொடாமல் விடுங்கள்: ஒரு நிமிடத்தில் அணைந்து செய்தி வர வேண்டும். ஆர்டுயினோவின் கரண்டைப் பிடுங்குங்கள்: பல்ப் எரிந்துகொண்டே இருந்து டைமர் முடிய அணைய வேண்டும். இதற்கு டைமரை 2 நிமிடத்தில் வைத்துக்கொள்ளலாம். பதியாத போனிலிருந்தும் அழைத்துப் பாருங்கள்.

தோட்டத்தில் பொருத்திய பிறகு முதல் சில இறைப்புக்கு ஒருவர் கிணற்றடியில் நிற்க, மற்றவர் வீட்டிலிருந்து அழையுங்கள். ஓவர்லோடும் வயரும் சூடாகிறதா, தண்ணீர் எத்தனை செக்கனில் வருகிறது என்று குறித்து வைத்தால், 60 செக்கன் என்ற எல்லையை உங்கள் பம்புக்கேற்பக் குறைக்கலாம். மாதமொரு முறை பாய்வுச் சுவிட்சின் துடுப்பைக் கழற்றிச் சுண்ணாம்புப் படிவைச் சுரண்டுங்கள்.

சூரிய மின்பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி வேலை மிச்சம். அதன் கொன்ட்ரோலர் பலவற்றில் மிதவைக்கென்று குறைந்த வோல்டேஜ் முனை ஒன்று இருக்கும். கொன்டக்டர் இல்லாமலே, சிம் ரிலேயின் முனையை அந்த மிதவை வயரோடு தொடராக இணைத்தால் பம்ப் உங்கள் அழைப்புக்குக் கட்டுப்படும். அங்கே ரிலே பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், நேர எல்லையை நிரலிலேயே வையுங்கள்.